ஆடிய வீரர் பயிற்சியாளராக மாறுவது எப்படி?

கால்பந்து வீரர் ஒருவர் முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது, அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பயிற்சியாளர் வேலையே கைக்கெட்டிய விடையாகத் தோன்றும். இத்தனை ஆண்டுகள் ஆடியவருக்கு ஆட்டம் தெரியாதா என்று சுற்றியிருப்பவர்களும் சொல்வார்கள். தெரியும்தான், ஆனால் தெரிந்ததில் பெரும்பகுதி காலில் இருக்கிறதே தவிர நாவில் இல்லை. எந்தக் கணத்தில் தலையைத் திருப்பிப் பார்ப்பது, பந்தை எந்தக் காலில் வாங்குவது என்பதையெல்லாம் யோசிக்காமலே செய்து பழகியவர், அது வராத ஒருவனுக்கு அதை விளக்க வேண்டி வரும்போது திணறிப்போகிறார். இந்த மாற்றத்தில் செய்யவேண்டிய வேலையெல்லாம் காலில் இருப்பதைச் சொல்லுக்குக் கொண்டுவருவதுதான்.

ஆகவே ஓய்வு அறிவித்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காமல், ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் செய்த பயிற்சியின் மைதான அளவு, ஆட்களின் எண்ணிக்கை, நிமிடங்கள் ஆகியவற்றோடு, பயிற்சியாளர் அதை ஏன் வைத்தார் என்பதையும் எழுதுங்கள். காரணம் புரியாவிட்டால் அவரிடமே கேட்டுவிடலாம். கேட்கிற வீரரைப் பெரும்பாலான பயிற்சியாளர்களுக்குப் பிடிக்கும். உங்கள் இடத்தை மட்டும் எழுதாதீர்கள். தற்காப்பு வீரராக இருந்தவர், எதிரே நிற்கும் முன்கள வீரருக்கு அந்தப் பயிற்சி எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்து எழுதுவது கடினம், ஆனால் அதில்தான் பயன் அதிகம்.

பயிற்சியாளர் உரிமத்தையும் தள்ளிப்போட வேண்டாம். ஐரோப்பாவில் சி, பி, ஏ, புரோ என்று உரிமங்கள் படிப்படியாக ஏறுகின்றன. ஆசியக் கூட்டமைப்பிலும் ஏறத்தாழ இதே அடுக்குதான். முன்னாள் தொழில்முறை வீரர்களுக்குச் சில நாடுகளில் குறுக்கப்பட்ட வகுப்புகள் உண்டு. வாய்ப்பு இருந்தாலும் நீண்ட வழியிலேயே போங்கள் என்பது என் கருத்து. பெரிய அளவில் ஆடாத ஒரு பள்ளி ஆசிரியர் உங்கள் பக்கத்தில் அமர்ந்து உங்களைவிடத் தெளிவாக ஒரு பயிற்சியை விளக்குவதைப் பார்ப்பதே தனிப் பாடம்.

முதல் வேலையைச் சிறிய இடத்தில் தேடுங்கள். பார்சிலோனாவின் முன்னாள் நடுக்கள வீரர் குவார்டியோலா 2007இல் அந்த ஸ்பானிய அணியின் இரண்டாம் அணியை ஏற்று, அதை மேல்பிரிவுக்கு உயர்த்திய பிறகே 2008இல் முதல் அணிக்கு வந்தார். பிரான்ஸின் முன்னாள் வீரர் ஜிடான் முதலில் ரியால் மாட்ரிட்டில் பயிற்சியாளர் அஞ்செலோட்டியின் உதவியாளராகவும், பிறகு அதே கிளப்பின் இரண்டாம் அணியிலும் இருந்துவிட்டு, 2016 ஜனவரியில் முதல் அணியை ஏற்று, அந்த ஆண்டு தொடங்கித் ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளைத் தொடர்ந்து மூன்று முறை வென்றார். இத்தாலியின் முன்னாள் வீரர் பிர்லோவோ 2020இல் அந்நாட்டு கிளப்பான ஜுவென்டஸின் இளையோர் அணிக்கு நியமிக்கப்பட்ட சில நாட்களிலேயே, ஒரு ஆட்டம்கூட நடத்தாமல், முதல் அணிக்கு மாற்றப்பட்டார். இத்தாலியக் கோப்பை கிடைத்தது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் வென்றிருந்த அணி நான்காம் இடத்தில் முடித்தது, பிர்லோவும் ஓராண்டிலேயே வெளியேறினார். பழி முழுவதும் அவருடையதல்ல. ஆனாலும் யாரும் பார்க்காத இடத்தில் தவறு செய்து பார்க்கும் வசதி அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தவறுகள் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பத்து மீட்டர் சதுரத்தில் நால்வர் பந்தைச் சுற்றி அனுப்ப, இருவர் நடுவில் நின்று பறிக்கிறார்கள். ஒரு பையன் வாங்கிய பந்தை உடனே இழந்துவிடுகிறான். முன்னாள் வீரருக்கு முதலில் தோன்றுவது, உள்ளே போய்த் தானே அழகாக வாங்கிக் காட்டுவது. பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக விசில் அடித்து, எல்லோரையும் நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, “பந்து வர்றதுக்கு முன்னாடி உனக்குப் பின்னால யார் இருந்தா?” என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியாது. கோளாறு காலில் இல்லை, பார்க்காததில் இருக்கிறது என்பது அவனுக்கே விளங்கிவிடும். இனி விதியை மாற்றுங்கள்: பந்து வந்து சேரும் முன், தனக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளர் எத்தனை விரல்களைக் காட்டுகிறார் என்று வாங்குபவன் உரக்கச் சொல்ல வேண்டும். மிகவும் திணறினால் சதுரத்தைப் பன்னிரண்டு மீட்டராக்குங்கள். எளிதாகிவிட்டால் எட்டாகக் குறையுங்கள். அடிக்கடி நிறுத்தவும் கூடாது, நிறுத்தி நிறுத்திப் பேசினால் பையன்களுக்குக் குளிர்ந்துவிடும்.

நேற்றுவரை உடன் ஆடியவர்களையே நடத்த நேர்ந்தால், நண்பரை அணியிலிருந்து நீக்கும் நாள் கட்டாயம் வரும். பட்டியல் வெளியாகும் முன் அவரைத் தனியாக அழைத்து, காரணத்தோடு சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்களை வளர்த்த பயிற்சியாளரின் முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போவதிலும் எச்சரிக்கை தேவை. அஞ்செலோட்டி, தன்னை ஆடவைத்தவரும் பிறகு உதவியாளராக வைத்துக்கொண்டவருமான சாக்கியிடமிருந்து பெற்ற 4-4-2 அமைப்பை (நான்கு தற்காப்பு வீரர், நான்கு நடுக்கள வீரர், இரண்டு முன்கள வீரர்) இத்தாலிய கிளப்பான பார்மாவில் பயிற்சியாளராக இருந்தபோது இறுகப் பிடித்துக்கொண்டு, அதில் இடமில்லை என்று 1997இல் இத்தாலிய நட்சத்திர வீரர் ராபர்ட்டோ பாஜியோவை வேண்டாமென்றார். பாஜியோ மற்றோர் இத்தாலிய கிளப்பான போலோனியாவுக்குப் போய் அந்தப் பருவத்தில் லீக்கில் 22 கோல் அடித்தார். அந்த முடிவு தவறு என்று அஞ்செலோட்டியே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு ஆட்களுக்கேற்ப அமைப்பை மாற்றுவதே அவருடைய பெயராயிற்று.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வீரர்களை வாங்குவதை யார் முடிவு செய்வார், உதவியாளர்களை யார் தேர்ந்தெடுப்பார் என்ற இரண்டையும் எழுத்தில் பெறுங்கள். உதவியாளராக நண்பரைச் சேர்ப்பதைவிட, உங்கள் முகத்துக்கு நேரே இது சரியில்லை என்று சொல்லக்கூடியவரைச் சேருங்கள்.

தொடக்கத்திலேயே ஒரு தோல்வி வந்தால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. ஸ்பெயினின் முன்னாள் நடுக்கள வீரர் சாபி அலோன்சோ பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களிடம் தொடங்கி, ரியால் சோசியதாத் என்ற ஸ்பானிய கிளப்பின் இரண்டாம் அணியை 2021இல் மேல்பிரிவுக்கு ஏற்றினார். அடுத்த ஆண்டே அது கீழே இறங்கிவிட்டது. அதே 2022 அக்டோபரில், லீக் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த ஜெர்மன் கிளப்பான லெவர்குசன் அவரை அழைத்தது. 2023-24இல் அந்த அணி 34 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை.