ஒரே படம், ஐந்து ஆல்பம்: என் அனுபவம்

பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த எம்பி3 பாட்டுகள் பழைய ஹார்ட் டிஸ்கில் கிட்டத்தட்ட 4,000 இருந்தன, போனில் ஏற்றினால் ஒரே படத்தின் ஐந்து பாட்டும் ஐந்து ஆல்பமாகப் பிரிந்து நிற்கும். காரணம் பிறகுதான் புரிந்தது. நம் சினிமாப் பாட்டுகளில் பாட்டுக்குப் பாட்டு பாடகர் வேறு, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற டேக் (பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் விவரம்) காலியாக இருந்தால் பல பிளேயர்கள் பாடகர் பெயரை வைத்தே ஆல்பத்தை உடைத்துவிடும்.

முதலில் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்தேன், இதை மட்டும் தவறவிடாதீர்கள். அப்புறம் எம்பி3டேக் மென்பொருளில் ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்து, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் இடத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டுச் சேமித்தேன். துண்டுகள் ஒன்றாகிவிட்டன, அவ்வளவு சந்தோஷம்! இளையராஜா பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தது, ஒன்றை முடிவு செய்து மற்றதையெல்லாம் அதற்கு மாற்றினேன்.

பாட்டின் பெயர் இல்லாமல் 'டிராக் 01' என்று மட்டும் இருந்தவற்றுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்தினேன். அது ஒலியை வைத்தே பாட்டை அடையாளம் காணும், ஆனால் என்னிடமிருந்த பழைய தமிழ்ப் பாட்டுகள் பலவற்றை அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவற்றை நானே ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் எழுதினேன், ஒரு மாதம் ஆனது, இன்னும் 60 பாட்டு பாக்கி.