பழைய லயத்து வீட்டை மையில் வரையும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஆள் குடியில்லாத பலகை வீட்டை மூன்று தாள்களில் வரைந்து, மூன்றையும் ஒதுக்கிவைத்த பிறகே இம்முறை எனக்குக் கைவந்தது.

காலை ஒன்பது மணி வாக்கில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயில் உச்சியிலிருந்து இறங்குவதால், சுவரில் சாய்நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் மை ஓவியத்திற்கு உயிர் இல்லை. பேனாவில் எனக்கு மைக்ரான் என்னும் மெல்லிய நுனிப் பேனாக்களில் 01, 05 ஆகிய இரண்டுமே போதும். அவற்றின் கோடு முறையே 0.25, 0.45 மில்லிமீட்டர். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்வை பட்டதும் அது இழுகிவிடும். தாள் வழவழப்பாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும்.

பென்சிலால் கூரை, சுவர், கால்தூண்கள் ஆகியவற்றின் எல்லைகளை மெலிதாகக் குறித்தபின் மையைத் தொடுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம் தகரக் கூரை. ஒவ்வொரு நெளிவையும் முகட்டிலிருந்து இறவாணம் வரை அடிக்கோல் வைத்து இழுத்ததால், நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கிவந்து வேய்ந்த கூரை போல அது பளிச்சென்று நின்றது. கோடுகளை இறவாணத்திலிருந்து மேல்நோக்கி வெறுங்கையால் இழுத்து, பாதி வழியில் விட்டுவிடுங்கள். வெயில் படும் மேற்பகுதி வெள்ளையாகவே இருக்கட்டும். துரு ஆணித்துளையில் தொடங்கிக் கீழே வழியும் என்பதால், ஆணிக்கு அடியில் புள்ளிகளை நெருக்கி, இறங்க இறங்கக் கலைத்துவிட வேண்டும். இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், மேல்தகரத்தின் விளிம்பை எலி கடித்தது போல ஒழுங்கற்று வரைந்து, அதனடியில் மட்டும் 05 பேனாவால் நிழலை அழுத்துங்கள்.

பலகைச் சுவரில் எல்லா வரிகளையும் வரைய வேண்டியதில்லை. மழைத்தண்ணீர் இறவாணத்திலிருந்து கொட்டி மண்ணைத் தெறிப்பதால், அடிப்பலகைகளே முதலில் உளுத்துப்போகும். எனவே கோடுகளின் நெருக்கமும் அங்கேதான் இருக்க வேண்டும். வீட்டின் அடியிலுள்ள இருட்டை ஒரேயடியாகக் கறுப்பாக்காமல், குறுக்குக் கோடுகளை மூன்று அடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் போடுங்கள்.

பின்சேர்க்கை: பென்சில் கோட்டை அழிக்கும்போது மை மங்கிவிடுவதாக இருவர் சொன்னார்கள். மழைக்காலத்தில் தாளை ஓர் இரவு காயவிட்டு, பிசையும் அழிப்பானால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.