மட்டக்களப்பில் சஞ்சிகை வெளியீடு: முதல் தடவை நடத்துவோருக்கு

எங்கள் கலை, பண்பாட்டுச் சஞ்சிகையின் முதல் இதழை அண்மையில் வெளியிட்டோம். அடுத்ததாகச் செய்யப்போகும் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். மண்டபம், கதிரை, தேநீர் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

1. நாள். அச்சகம் "நாளைக்குத் தாறம்" என்று சொன்னதை வைத்து அழைப்பிதழ் அடிக்க வேண்டாம். கட்டி முடித்த பிரதிகள் கைக்கு வரட்டும். நவம்பர், டிசம்பர் மழையைத் தவிருங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஊரே கோயிலில் நிற்கும். மூன்றரைக்குத் தொடங்கினால் கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து வருபவர்கள் பொழுதுபட முன் பஸ் எடுக்கலாம், மஃரிப் தொழுகைக்கும் இடைஞ்சல் இல்லை.

2. கூத்து. விளக்கேற்றியதும் கூத்துத்தான், பிறகுதான் உரைகள். கரப்புடுப்பு, அதாவது வளையம் வைத்து விரிந்து நிற்கும் கூத்து உடுப்பு, கட்டிய ராசாவைப் பேச்சு முடியும்வரை காக்க வைப்பது அநியாயம், அந்த உடுப்போடு வசதியாக உட்காரவும் முடியாது. விடிய விடிய ஆடுகிற கூத்தில் பதினைந்து நிமிடத்துக்கு எந்த வரவை (பாத்திரம் களரிக்கு வந்து ஆடும் பகுதியை) காட்டலாம் என்பதைக் கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரே தீர்மானிக்கட்டும். மேடையை விட முற்றம் நல்லது. வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், ஆடிப் பழகியவர்களுக்குச் சுற்றிவரச் சனம் வேண்டும். ஒலிவாங்கியைப் பிற்பாட்டுக்காரர் பக்கம் வையுங்கள். மத்தளத்துக்குக் கிட்ட வைத்தால் பாட்டு ஒரு சொல்லும் கேட்காது.

3. சிறப்புப் பிரதி. விழாவே நிலைகுலைவது இங்கேதான், ஆறுதலாக வாசியுங்கள். பெயர் கூப்பிட்டுப் பிரதி கொடுக்கும்போது ஒருவர் விடுபட்டால் அந்த மனத்தாங்கல் அடுத்த இதழ்வரை நிற்கும். முதல்நாள் இரவே பட்டியலை இருவர் சேர்ந்து உரக்க வாசித்துச் சரிபாருங்கள். எழுதியவர்கள், படம் வரைந்தவர்கள், கூத்துக்காரர் முதலில். பிரமுகர்கள் பிறகு. ஐந்து ஐந்து பேராக மேடைக்கு அழையுங்கள், தனித்தனியே அழைத்தால் ஒரு மணித்தியாலம் போய்விடும். சிறப்புப் பிரதி பெறுபவர்கள் பணம் வைத்துத் தரும் கடித உறை ஒவ்வொன்றிலும் அந்த இடத்திலேயே பெயர் எழுத ஒரு பிள்ளையைப் பேனையோடு இருத்துங்கள். கணக்குக்குக் கூகுள் ஷீட்டை விட எனக்குப் பிடித்தது தடித்த மட்டை போட்ட சி.ஆர். கொப்பிதான். கரண்ட் போனாலும் எழுதலாம், யாரும் பார்த்துக் கேள்வி கேட்கலாம்.

4. நயவுரை. இதழை வாசித்து அதன் நயத்தைச் சொல்லும் உரைக்கு ஒருவர் போதும். ஒரு கிழமைக்கு முன்பே பிரதியைக் கொடுங்கள். வாசிக்காமல் வந்து வாழ்த்திப் பேசுவதை எழுதிய பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பின்சேர்க்கை: மிஞ்சிய பிரதிகளை என்ன செய்வது என்று பலர் கேட்டீர்கள். பொது நூலகத்துக்கும் பாடசாலை நூலகங்களுக்கும் முதலில் கொடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். எங்கள் பக்கத்தில் வெளிவந்த எத்தனையோ சிற்றிதழ்கள் வெள்ளத்திலும் போரிலும் அழிந்துபோயின. கடைகளுக்குக் கொடுப்பதென்றால் எத்தனை பிரதி கொடுத்தீர்கள் என்று அதே கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள்.