வெட்டாத பிரதியும் கட்டிய திரையும்: பழைய கார்ட்டூன்களை ஊரில் போடும் முறை

டாம் அண்ட் ஜெர்ரியை டிவியில் பார்த்து வளர்ந்தவர்கள் பார்த்ததில் பல படங்கள் வெட்டுப்பட்டவை. வெடி வெடித்ததும் முகம் கரியாகி, உதடு தடித்து, கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் துண்டுகளை எடுத்துவிட்டார்கள். கால் மட்டும் தெரியும் வேலைக்கார அம்மாவின் குரலைச் சில படங்களில் மாற்றினார்கள். முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் முதல் வேலை, கையில் இருக்கும் பிரதியைச் சோதிப்பது.

‘ஸ்டீம்போட் வில்லி’யை (1928) எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல் இதற்குக் காப்புரிமை இல்லை. மிக்கி தாய்ப்பன்றியையும் குட்டிகளையும் வாத்தியமாக வாசிக்கும் இடம் கிட்டத்தட்ட அரை நிமிடம் வரும். அது இல்லையென்றால் வெட்டிய பிரதி, வேறு தேடுங்கள். இந்தியச் சட்டப்படி படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. ஆண்டைப் பார்த்துவிட்டே பொது இடத்தில் போடுங்கள்.

அடுத்தது உருவம். இந்தப் படங்கள் 4:3 அளவில், அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று எடுத்தவை. அகலத் திரையை நிரப்ப இழுத்துவிட்டால் வட்டமான தலை முட்டையாகிவிடும். கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. மென்பொருளில் ‘ஏ’ (A) விசையை அழுத்தி 4:3-க்கு வாருங்கள். இரு பக்கமும் கறுப்பாக இருந்தால் சரி. டிவியில் பார்ப்பவர்கள் அசைவை வழுவழுப்பாக்கும் ‘மோஷன்’ அமைப்பை அணைத்தே ஆக வேண்டும். பல காட்சிகளில் நொடிக்கு 12 ஓவியம்தான் வரைந்திருப்பார்கள். நடுவில் டிவி தானாகச் சேர்க்கும் படங்கள் கைகால்களைக் குழப்பிவிடும்.

பழைய ஐரோப்பிய டிவிடியிலிருந்து எடுத்த கோப்பு நொடிக்கு 24-க்குப் பதில் 25 படமாக ஓடும், குரலும் கீச்சென்று ஏறும். வேகத்தை 0.96 ஆக்குங்கள். ஆடியோ அமைப்பில் ‘டைம் ஸ்ட்ரெச்சிங்’கையும் அணைத்தால்தான் குரல் இறங்கும். பாத்திரம் வேகமாக ஓடும்போது ஓரக்கோடு அங்கங்கே அறுந்து தெரிகிறதா? கோப்பை நிறுத்தி ‘இ’ (E) விசையால் ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். கறை நீக்கும் கருவி மைக்கோட்டையும் கறை என்று அழித்திருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, வேறு பிரதிதான். ஆனால் 1930-களின் தொடக்கத்துப் படத்தில் ஆரஞ்சும் நீலப்பச்சையும் மட்டும் தெரிந்தால் குறை சொல்லாதீர்கள். மூன்று வண்ண டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறையை கார்ட்டூனுக்குப் பயன்படுத்தும் உரிமை அப்போது டிஸ்னியிடம் மட்டும் இருந்தது. மற்றவர்களுக்கு இரண்டு வண்ணம்தான்.

எதை யாருக்குப் போடுவது? ஊர்ப் பொதுத்திரைக்கு ‘ஸ்டீம்போட் வில்லி’யோடு 1936-இல் ஃப்ளைஷர் நிறுவனம் எடுத்த ‘பாப்பாய் சிந்துபாத்தைச் சந்திக்கிறான்’ போதும். இரண்டிலும் கப்பல், கடல். வசனம் புரியாவிட்டாலும் ரசிக்கலாம். சிந்துபாத் கதை தெரிந்த, கடலோரக் கீழக்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே வேண்டாம். சிந்துபாத் பாடிக்கொண்டே தன் தீவில் நடக்கும் இடத்தில் பின்னணியைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாறையும் குகையும் வரைந்தவை அல்ல. சுழலும் மேடையில் நிஜமாகவே செய்து வைத்த மாதிரிகள். முன்னால் இருப்பது வேகமாகவும் பின்னால் இருப்பது மெதுவாகவும் நகரும். கணினி இல்லாத காலத்து வேலை அது!

கேலிப்படங்கள் வேறு கணக்கு. வார்னர் கார்ட்டூன்களில் பதினொன்றை 1968-இல் டிவி விநியோகத்திலிருந்து விலக்கினார்கள். அதில் ஒன்று ‘கோல் பிளாக்’ (1943). அதன் ஓவிய ஓட்டமும் ஜாஸ் தாளமும் அசாத்தியம். கறுப்பினத்தவரை அது இழிவுபடுத்துவதும் அதே அளவு கடுமை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் வந்த சூப்பர்மேன் படம் ‘ஜபோட்டர்ஸ்’ (1942) ஜப்பானியரை அப்படியே செய்கிறது. இவற்றைத் தெருவில் போடாதீர்கள். பெரியவர்கள் பத்துப் பேர், ஓர் அறை, அது போதும். போடும் முன் எந்த ஆண்டு, யார் எடுத்தது, யாரைக் கேலி செய்கிறது என்று சொல்லிவிடுங்கள். முடிந்ததும் பத்து நிமிடம் பேச விடுங்கள். கடல் வெயிலில் கறுத்த முகங்களைத் தமிழ் சினிமா நகைச்சுவை என்ன பாடுபடுத்தியது என்ற பேச்சு தானாக வரும். வர வேண்டியதுதான்; அதற்காகத்தான் இதை வெட்டாமல் பார்க்கிறோம்.

இனி திரை. வெள்ளையடித்த சுவர் கிடைத்தால் துணியே வேண்டாம். இல்லையென்றால் கரையில்லாத 8 முழ வேட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் 2.4 மீட்டர் உயரம், சுமார் 3.6 மீட்டர் அகலம் கிடைக்கும். 4:3-க்கு 3.2 மீட்டர் அகலம் போதும், மிச்சத்தைப் பக்கத்தில் மடித்துவிடுங்கள். பின்னால் கறுப்புத் தார்ப்பாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் துணியைத் தாண்டிப் போய்விடும். காற்று நேராக அறையும்படி கட்டினால் திரை பாயாக உப்பிப் படம் வளையும். காற்றோடு ஒட்டினாற்போல் கட்டுங்கள். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கும். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே போட்டுவிடுங்கள், பிறகு மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வலுத்துவிடும். ஒலிபெருக்கியை இரவு 10-க்குள் நிறுத்திவிட வேண்டும்.

புரொஜெக்டரை மணலில் வைக்காதீர்கள். மின்விசிறி மணலை உறிஞ்சும். மூன்றடி உயர மேசை வேண்டும். படம் முடிந்ததும் விசிறி தானாக நிற்கும் வரை காத்திருந்து பிறகு பெட்டியில் போடுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. லென்ஸில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் முதலில் ஒற்றி எடுங்கள், அதன் பிறகே துடையுங்கள்.