மலையில் கறுப்பாய் ஒரு குருவியா? முதலில் சொண்டைப் பாருங்கள்

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் வழியில் அரெங்கா குளம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை அங்கே ஒரு கறுப்புக் குருவியைப் படம் பிடித்தேன். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சீழ்க்கைக் குருவிதான் அது என்று வாட்ஸ்அப்பில் ஊருக்கே சொல்லிவிட்டேன். கூட வந்த அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, சொண்டைப் பாத்தீங்களா?" என்றார். சொண்டு நல்ல தோடம்பழ நிறம். சீழ்க்கைக் குருவியின் சொண்டோ கறுப்பு. நான் பிடித்தது நுவரெலியாவில் வீட்டுத் தோட்டங்களுக்கே வந்துபோகும் பிளாக்பேர்ட்.

அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அது உண்மையில் கறுப்புதானா என்று பார்ப்பது. மூடுபனி வெளிச்சத்தில் சவுக்கு மரத்து உச்சியில் இருந்தால் கிளி கூடக் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி சுற்றிப் போய் நில்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால் போன் கமெராவில் குருவியின் மேல் விரலை வைத்து அழுத்தி, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். வானம் வெளுத்துப் போகும், ஆனால் குருவியின் நிறம் வெளியே வரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அடுத்தது சொண்டு. நான் அதிகம் குழம்பிய இடமும் இதுதான். மலையில் தோடம்பழச் சொண்டோடு அதிகம் குழப்பும் கறுப்பன்கள் இரண்டு: பிளாக்பேர்ட், கறுப்புக் கொண்டைக்குருவி. கால் நிறமும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதை நம்பாதீர்கள். கண்ணைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் பிளாக்பேர்ட். அது பெரும்பாலும் தனியாக, கீழே சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். தலைமயிர் சீவாத பையன் மாதிரி கொண்டை கலைந்து, நாலைந்தாக மர உச்சியில் கத்திக்கொண்டிருந்தால் கொண்டைக்குருவி.

கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளின் கிளைகளைக் கழித்துவிட்ட தேயிலை மலையில் ஒரு சின்னக் கறுப்புக் குருவி இருக்கும். குச்சி நுனியில் உட்கார்ந்து, வாலை ஆட்டி, தரையில் ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு மறுபடி ஒரு குச்சிக்கே வரும். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் புதர்ச்சிட்டு, ஆண். பக்கத்தில் இருக்கும் மண்ணிறக் குருவியை வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள், அது அதன் பெட்டை.

மற்றவை சுலபம். முழுக் கறுப்பாய், தடித்த சொண்டோடு இருப்பது அண்டங்காகம். இறக்கை மட்டும் செங்கல் நிறமென்றால் செண்பகம். நுவரெலியா கிரகரி வாவியில் இறக்கையை விரித்துக் காய வைப்பது நீர்க்காகம். பள்ளத்தாக்குக்கு மேலே, இறக்கை நுனி விரல் விரலாய்ப் பிரிய, மெதுவாக வட்டமிட்டால் கறுப்புக் கழுகு.

தூரநோக்கி வாங்குவதானால் 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர். பலர் பத்து மடங்கு (10x) என்பார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அதைப் பிடித்தால் படம் ஆடும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகளை முழுதாக நம்ப வேண்டாம். இரட்டைவால் குருவி மற்றக் குருவிகளைப் போலக் கத்தி என்னையே ஏமாற்றியிருக்கிறது, செயலி எம்மாத்திரம்? அப்புறம், ஓடைப் பக்கம் போனால் அட்டை ஏறும். காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மட்டக்களப்பிலிருந்து மச்சான் கேட்டான், "எங்கட காகத்துக்குக் கழுத்துச் சாம்பல், அப்ப அது அண்டங்காகம் இல்லையா?" இல்லை. அது ஊர்க் காகம், கரையோரத்தில்தான் அதிகம். வடக்கில் மாட்டின் முதுகில் உட்காரும் இரட்டைவால் குருவி முழுக் கறுப்பு. மலைப் பக்கத்து இரட்டைவாலுக்கு அடியில் வெள்ளை இருக்கும், சிலதில் அது வாலடியோடு சுருங்கிப் போயிருக்கும். அவன் அனுப்பிய இன்னொரு படத்தில் உடம்பு கறுப்பு, கண் இரத்தச் சிவப்பு, சொண்டு வெளிர்பச்சை. அது ஆண் குயில். கூட நின்ற பெட்டை மண்ணிறத்தில் வெள்ளைப் புள்ளியோடு இருந்ததால், பருந்துக் குஞ்சு என்று எழுதி அனுப்பியிருந்தான்.