பிராமன் மாடு: 'எதையும் தாங்கும்' என்ற நினைப்பில் நேரும் தவறுகள்

திமிலும் தொங்கும் அலைதாடியுமாக பிராமன் மாட்டைப் பார்த்தால் நம்மூர் மாடு மாதிரியே இருக்கும். இருக்காதா பின்னே? ஓங்கோல், கிர், காங்க்ரெஜ் மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவான இறைச்சி இனம் அது. 1933-இல் அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போனது. வெயிலையும் உண்ணியையும் தாங்கியதால் அந்நாட்டின் வடபகுதியெங்கும் பரவிவிட்டது. ஆனால் மாடு சாகாமல் நிற்பது வேறு, தவறாமல் கன்று ஈனுவது வேறு. அங்கே பலர் சறுக்குவது இதில்தான்.

முதலில் பாஸ்பரஸ் என்னும் தாதுச்சத்து. வட ஆஸ்திரேலிய மண்ணில் பல இடங்களில் இது குறைவு. பற்றாக்குறை வந்தால் மாடு எலும்பைத் தேடிக் கடிக்கும். செத்த மாட்டின் எலும்பிலிருந்து பாட்டுலிசம் என்னும் பாக்டீரியா நச்சு ஏறினால் கால்கள் செயலிழந்து விழும். இதற்குத் தடுப்பூசி உண்டு, போடாமல் விடுவது வீண் நஷ்டம். புல் காய்ந்த பிறகு பாஸ்பரஸ் வைக்கலாம் என்று காத்திருப்பதும் தவறு. பசும்புல் தின்று உடம்பு போடும் மழைக்காலத்தில்தான் அதன் தேவை அதிகம். வறண்ட மாதங்களில் முதலில் குறைவது புரதம். அதற்குத்தான் தொட்டியில் வைத்து மாட்டை நக்கவிடும், யூரியா சேர்த்த நக்குக் கலவை. அந்தத் தொட்டியில் எதிர்பாராத மழைநீர் தேங்கி யூரியா கரைந்துவிட்டால், அதைக் குடிக்கும் மாடு சில மணி நேரத்தில் செத்துவிடும். கூரையோ, நீர் வடியத் துளையோ இல்லாத தொட்டியை வைக்கவே கூடாது.

அடுத்தது, கன்றைத் தாயோடு அப்படியே விட்டுவைப்பது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மெலிந்த பிராமன் பசு எளிதில் பருவத்துக்கு வராது. மழை போய்ப் புல் காயத் தொடங்கியதும் கன்றைப் பிரித்தால்தான் தாய் தேறும், அப்புறம் சினை பிடிக்கும். கிடேரிகளும் ஐரோப்பிய இனங்களைவிடத் தாமதமாகவே பருவமடையும். வயதை மட்டும் பார்க்காமல் எடையையும் பார்த்துக் காளையோடு விட வேண்டும்.

வெயில் தாங்கும் மாட்டுக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீர்த் தொட்டிகளுக்கு இடையே தூரம் அதிகமானால் மாடுகள் அவற்றைச் சுற்றியுள்ள புல்லையே மொட்டையடிக்கும், தொலைவில் உள்ள புல் அப்படியே கிடக்கும்.

பட்டியில் அடித்து விரட்டுவதையும் விட வேண்டும். பிராமன் பயந்த சுபாவம். மிரண்டு களைத்த மாட்டை அறுத்தால் இறைச்சி கறுத்துப்போகும், விலையும் இறங்கும்.

விலை என்றதும் ஒன்று. ஆஸ்திரேலிய இறைச்சித் தரப்படுத்தலில் திமிலின் உயரத்தையும் அளக்கிறார்கள். திமில் உயர உயர, பல துண்டுகளின் மென்மை மதிப்பெண் குறையும். உயிரோடு இந்தோனேசியாவுக்குக் கப்பலேற்ற பிராமன் அருமையான மாடு. உயர்தர உணவகத்தை நம்பித் தூய பிராமனை மட்டும் வளர்த்தால் கணக்கு உதைக்கும்.