காரைக்குடிப் பக்கமிருந்து பிரிட்டன் வருபவர்களுக்கு: ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் இன்ஷூரன்ஸ் கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் வரும் பிள்ளைகள் பலருக்கு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வருகிறது. ஊரில் நினைத்தும் பார்க்க முடியாத போர்ஷே பாக்ஸ்டர் இங்கே சாதாரணக் குடும்பக் கார் விலைக்கு விற்பனைக்கு நிற்கிறது. விலை குறைவுதான். ஆனால் புதிதாக வந்தவருக்கு அதன் ஓராண்டு இன்ஷூரன்ஸ், காரின் விலையையே நெருங்கிவிடலாம். அதனால் முதலில் லைசென்ஸ், அடுத்து பிரீமியம், கடைசியில் கார் என்று போங்கள்.

ஊர் லைசென்ஸை வைத்து, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதற்குப் பிறகு செல்லாது. இந்திய லைசென்ஸை இங்குள்ளதாக மாற்றித் தரவும் மாட்டார்கள். தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தேறியாக வேண்டும். பிராக்டிகலுக்கு முந்தைய 12 மாதத்தில் 185 நாளாவது இங்கே வசித்திருக்க வேண்டும். டெஸ்ட் தேதி கிடைக்கவும் நாளாகும். வந்த கையோடு புரொவிஷனல் லைசென்ஸுக்கு (கற்றுக்கொள்பவருக்கான லைசென்ஸ்) விண்ணப்பித்து, தியரியை முடித்து வையுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்ட முடியும். மலிவான நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை மேனுவல் கியர் என்பதால் மேனுவலிலேயே டெஸ்ட் கொடுங்கள். ஊரில் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும், இங்கே முதன்முதலாகத் தேறிய 2 ஆண்டுக்குள், போக்குவரத்துக் குற்றத்துக்கு லைசென்ஸில் பதியும் தண்டனைப் பாயின்ட் 6 சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் ஒரே தடவையில் 6 பாயின்ட், 300 பவுண்டு அபராதம். வெளிநாட்டு லைசென்ஸுக்குப் பிரீமியம் ஏறும். இங்குள்ள லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஸ்போர்ட்ஸ் காரைத் தள்ளிப் போடுவதே லாபம்.

பழைய கார்கள் 1 முதல் 50 வரை இன்ஷூரன்ஸ் குரூப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எண் ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். காரைப் பார்க்கக் கிளம்பும் முன்பே, விளம்பரத்தில் உள்ள பதிவு எண்ணைப் போட்டு இன்ஷூரன்ஸ் விலை எடுத்துவிடுங்கள். பாலிசி தொடங்குவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே எடுத்தால் பெரும்பாலும் குறைவாக வரும். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் மலிவு என்பது ஊர்க் கணக்கு. இங்கே முழு இன்ஷூரன்ஸே பல சமயம் குறைவாக இருக்கும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். மாதத் தவணை என்பது வட்டிக்குக் கடன் வாங்குவது. வட்டிக் கணக்கு நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முடிந்தால் ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டுங்கள்.

ஊரில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸுக்கு, அங்குள்ள நிறுவனத்திடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கி வாருங்கள். எல்லோரும் ஏற்க மாட்டார்கள், சிலர் ஏற்பார்கள். புரோக்கரிடம் போனில் பேசினால்தான் தெரியும். நெடுநாள் லைசென்ஸ் உள்ள மனைவியையோ கணவரையோ கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்தால் பிரீமியம் இறங்கலாம். ஆனால் தினமும் ஓட்டுவது நீங்கள், பாலிசி மட்டும் சித்தப்பா பெயரில் என்றால் அது மோசடி. விபத்து நடந்தால் காரும் போகும், கையில் உள்ள பணமும் போகும். வேலைக்கு ஓட்டிப் போவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய உரிமையாளர் மாட்டிய சைலன்ஸர், அலாய் வீல், இன்ஜின் ரீமேப் (சக்தி கூட்ட மென்பொருளை மாற்றுவது) எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். மாற்றம் செய்யாத காரைத் தேடி வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. விபத்தில் நம் பங்காகக் கட்டும் எக்ஸஸ் தொகையை உயர்த்தினால் பிரீமியம் குறையும். நாளைக்கே எடுத்து வைக்க முடிகிற அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள்.

எந்தக் கார்? முதல் காராக மாஸ்டா எம்எக்ஸ்-5 எங்கள் தேர்வு. எளிய இன்ஜின், மலிவான உதிரிபாகம், பாக்ஸ்டரைவிடக் குறைந்த குரூப். அதன் எதிரி துரு. செட்டிநாட்டு வெயிலில் கார் வெளுக்குமே தவிர இப்படி அரிக்காது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், அது அடியிலிருந்து தின்னும். காரைக்குடியில் பழைய நிலைக்கதவு வாங்குபவர் பாலிஷை விட்டு அடிக்கட்டையைச் சுரண்டிப் பார்ப்பதுபோல, பின் சக்கர வளைவையும் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே ஓட்டைதான். துணிக்கூரையிலிருந்து நீர் வடியும் துளைகள் அடைத்திருந்தால் சீட்டுக்குப் பின்னால் ஈரம் தேங்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

2008 வரையிலான பாக்ஸ்டர்களில் இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் எனும் இடைத்தண்டின் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும். 2005-க்கு முந்தைய கார்களில் அதை மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் வேண்டாம். பிந்தையவற்றில் இன்ஜினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், சூடான இன்ஜினை அணைத்து உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். திணறினால் பெரும்பாலும் கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் சக்தி) போய்விட்டது. எந்தக் காராக இருந்தாலும் விற்பவரிடம் முன்கூட்டி இன்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லி, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இன்ஜின் சுற்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) வரலாறு இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டின் மைலேஜும், துரு பற்றிய எச்சரிக்கையும் அதில் இருக்கும். கடன் பாக்கி உள்ள காரா, விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் நிறுவனம் எஸ் (உடற்கட்டமைப்பில் சேதம்) அல்லது என் (மற்ற சேதம்) பிரிவில் கழித்ததா என்பதற்குக் கட்டணச் சோதனை உண்டு, அதைத் தவிர்க்காதீர்கள்.

சாலை வரியில் ஒரு தேதி முக்கியம்: 23 மார்ச் 2006. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு விடும் கார், 2001 மார்ச் 1 முதல் அந்தத் தேதிக்கு முன்னால் பதிவானால் ஆண்டு வரி 400 பவுண்டு சொச்சம். அந்தத் தேதி முதல் 2017 மார்ச் வரை பதிவானால் 700 பவுண்டுக்கும் மேல். ஒரே மாடலில் சில வாரம் முந்திய கார் கிடைத்தால் அதை எடுங்கள். விற்பவர் கட்டிய வரி உங்களுக்கு வராது. வாங்கிய அன்றே கட்ட வேண்டும்.

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று ஊருக்குப் போகும்போது காரைத் தெருவில் விட்டுப் போவதானால் வரியும் இன்ஷூரன்ஸும் தொடர வேண்டும். சொந்த இடத்தில் நிறுத்த முடிந்தால் டிவிஎல்ஏவில் (ஓட்டுநர், வாகனப் பதிவு அரசு அமைப்பு) ஸோர்ன், அதாவது கார் சாலையில் ஓடவில்லை என்று அறிவிக்கலாம், மீதி முழு மாத வரி திரும்பி வரும். ஒரு மாதப் பயணத்துக்காகப் பாலிசியை ரத்து செய்யாதீர்கள்: அந்த ஆண்டின் நோ கிளெய்ம் சேராது, ரத்துக் கட்டணமும் பிடிப்பார்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். அதற்கு முன் ரேடியோவுக்கு ரகசியக் குறியீட்டு எண் (code) தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.